புயலில் விமானங்கள் மேலே நிற்காது

என் தம்பி மனைவிக்கு ஊசி என்று பெயர் வைத்தது நான்தான். தம்பி முதல்முதலாக அவளை வீட்டுக்கு அழைத்து வந்தபோது ஒல்லியாக, விறைப்பாக, வாசலில் நின்றாள். பேச்சு குறைவு. பேசினால் குத்தியது. நான் தையல்காரி. எந்நேரமும் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு திரிகிறவள். எனக்குத் தெரிந்த பொருளின் பெயரைத்தானே நான் வைக்க முடியும்? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊசின்னே கூப்பிடுங்க அண்ணி, பரவாயில்ல. ஆனா வாயில மட்டும் போட்டுக்காதீங்க" என்றாள். இவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

வீட்டின் கீழ்ப்பகுதியில் என் தையல் கடை. மாடியில் அவர்கள் குடித்தனமும் பட்டறையும். தம்பி கட்டட மாதிரிகள் செய்கிறவன். அடுக்குமாடி கட்டுகிறவர்கள், கட்டி முடிப்பதற்கு முன்னாலேயே வீடுகளை விற்க வேண்டுமே, அதற்காகத் தங்கள் அலுவலகத்தில் ஒரு மேசை மேல் அந்தக் குடியிருப்பைச் சின்னதாகச் செய்து வைப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெல்லாம் எரியும். வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "நம்ம வீடு எது?" என்று விரலை வைத்துக் கேட்பார்கள். அந்த மாதிரி. நிஜத்தில் இருநூறு அடி என்றால் இவர்கள் கையில் ஒரே ஒரு அடி. சுவர், மாடி, படிக்கட்டு எல்லாம் தம்பியின் வேலை. மனிதர்கள், கார்கள், பூச்செடிகள், பால்கனியில் காயும் துணி, இதெல்லாம் ஊசியின் வேலை. கல்யாணத்துக்கு முன் கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் இருந்தவள். சாமணத்தை, அந்தச் சின்ன இடுக்கியை, கையில் எடுத்தால் மூச்சு விடுகிறாளா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். ஒரு நெல்மணி உயரத்துக்கு ஆள் செய்வாள். அந்த ஆளுக்குக் கையில் பையும் இருக்கும்.

அந்தத் தொழிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் காலியாக விடக் கூடாது. பால்கனி காலியாக இருந்தால் வீடு விலை போகாது. நீச்சல்குளத்தில் ஆள் நீந்த வேண்டும். எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்திருக்க வேண்டும். வாகனம் நிறுத்தும் இடம் நிறைந்திருக்க வேண்டும், அதுவும் புதுக் காராக. "எல்லாத்தையும் காட்டு, எதையும் மறைக்காதே" என்பதுதான் தம்பிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் வார்த்தை. இவர்கள் இருவரும் அதை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த ஏழரை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஒருநாள் கைத்தடியோடு ஒரு பெரியவர் மாடி ஏறினார். விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் மேல்தளத்து மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கப்பல்காரர் என்றே சொல்வோம். அந்தக் கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். அதில் வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் வைக்கக் கப்பலின் மாதிரி வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

"துறைமுகத்துல நிக்கிற மாதிரி எல்லாரும்தான் வச்சிருக்காங்க. எனக்கு அப்படி வேண்டாம். புயல்ல மாட்டின மாதிரி வேணும்" என்றார். "ஒரு தடவை மாட்டினோம். முன்பக்கம் அப்படியே மேல தூக்கிக்கிட்டு, வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னுது. அதைச் சொன்னா வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

ஒரு கட்டுப் புகைப்படங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் படுத்துவிட்டார். அவர் மறுபடி மாடி ஏறப் பல மாதம் ஆயிற்று.

ஊசியின் கையிலிருந்து சாமணம் நழுவ ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் அவளே சிரித்தாள். "வயசாகுது அண்ணி" என்றாள். என்னைவிட எத்தனையோ வயது சின்னவள்! அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அப்புறம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் கத்திக் கூச்சல் போட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள்.

நானும் கூடப் போனேன். மருத்துவர் இளைஞர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். நரம்பு சம்பந்தப்பட்ட நோய், மருந்து கிடையாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம் அவ்வளவுதான் என்றார். கை போகும், கால் போகும், பேச்சு போகும், விழுங்குவது போகும், கடைசியில் மூச்சு. அவர் அடுக்கிக்கொண்டே போனார். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

ஊசி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "கண்ணு?"

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. கடைசி வரைக்கும் நல்லாத் தெரியும்."

"சரி. கப்பலை முடிச்சிடலாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வழியெல்லாம் சண்டை போட்டேன். கப்பலாவது கத்தரிக்காயாவது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கேயாவது போய் நாலு இடம் பாருங்கள், ஒழுங்காகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள் என்றேன். அவள்தான் சொன்னாள். "அண்ணி, எங்க போனாலும் இந்தக் கையைக் கூட்டிக்கிட்டுத்தானே போகணும். இங்கயாவது அதுக்கு வேலை இருக்கு."

மற்ற வேலைகளையெல்லாம் தம்பி திருப்பி அனுப்பிவிட்டான். மாடிக் கூடத்தில் இருந்த சாமான்களை ஒதுக்கி நடுவில் பெரிய மேசை போட்டார்கள். கப்பல் என் கை இரண்டையும் விரித்தால் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் குறைச்சல். உடம்பைத் தம்பி பலகையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் அறுத்து ஒட்டினான். தளத்தின் ஓரத்தில் நிற்கும் கோபுரத்தை மட்டும் ஊசி தன்னிடம் வாங்கிக்கொண்டாள். அதன் முதுகில் மேலிருந்து கீழ்வரை ஓர் ஏணி. கம்பியை முறுக்கி, படி படியாகப் பற்றவைத்து அவள் செய்த ஏணி அது. தலைமுடிக்குக் கொஞ்சம் கூடுதல் கனம், அவ்வளவுதான். அதைச் செய்தபோது அவளுடைய வலது கை பாதி நன்றாக இருந்தது.

விமானங்களுக்கு வரும்போது அதுவும் போய்விட்டது. மணிக்கட்டை ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். என் கடையிலிருந்து அகல எலாஸ்டிக் எடுத்துப்போய் நான்தான் தினமும் கட்டிவிட்டேன். கட்டை மேசையில் ஊன்றியிருக்கும். விரல் நுனி மட்டும் அசையும். அப்படி உட்கார்ந்து நடுவிரல் நீளத்துக்கு ஒவ்வொரு விமானமாகச் செய்தாள். இறக்கை மடிந்தது, இறக்கை விரிந்தது, மூக்கைத் தூக்கிக்கொண்டது. பழைய இயர்போன் வயரைக் கிழித்து, உள்ளே இருந்த செம்பு இழையை எடுத்து, அதை முறுக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சங்கிலி கட்டினாள். கோணலாக வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்தாள். வலது கை முழுசாக விழுந்ததும் இடது கைக்குக் கட்டச் சொன்னாள். கடைசி விமானத்தை ஒட்டி முடித்த அன்று சாமணம் தானாகக் கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க நான் குனிந்தேன். "விடுங்க அண்ணி, அது போதும்" என்றாள். நான் கீழே இறங்கிவந்து, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கடல் தம்பியின் பாடு. அவனுக்குத் தெரிந்த தண்ணீர் நீச்சல்குளம்தான். நீலம் பூசி மேலே பளபளப்பு அடித்தால் வேலை முடிந்தது. தெர்மோகோலைச் சூடான கம்பியால் அறுத்து அலை செய்தான். அதன்மேல் மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்துப் போர்த்தினான். பார்த்தால் யாரோ தூங்கி எழுந்த படுக்கை மாதிரி இருந்தது. ஊசி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதை நன்றாகப் பார்த்தாள்.

"என்னங்க, அலை இவ்வளவு சின்னச் சின்னதா, இவ்வளவு கிட்டக் கிட்ட இருந்தா கப்பல் பொம்மையாத்தானே தெரியும்? பெருசா வேணும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பள்ளம் வேணும். கப்பல் அதுல விழப்போகுதுன்னு பாக்கறவங்களுக்குப் பயம் வரணும்."

அவன் எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தான். கருப்பு, கரும்பச்சை, சாம்பல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினான். பஞ்சை இழை இழையாகப் பிரித்துப் பசையில் தோய்த்து நுரை ஏற்றினான். முன்பக்கம் தூக்கினாற்போலக் கப்பலைப் பதித்து, சுற்றிலும் தண்ணீரை இறுக்கிவிட்டான். அன்றைக்கு நான் காபி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கூடத்தில் எங்கேயும் காற்று இல்லை, ஆனால் காற்று அடித்தது. அதற்குப் பக்கத்தில் ஊசி கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கப்பல்காரர் வந்தது ஒரு மத்தியான வேளை. படி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் கப்பலைப் பார்த்துவிட்டார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அலையைப் பார்த்தார், மேலே தூக்கிய முன்பக்கத்தைப் பார்த்தார். "இதேதான்... இதே மாதிரிதான்" என்று முணுமுணுத்தார். தம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவர் பார்வை தளத்துக்கு வந்தது. வரிசையாக நிற்கும் விமானங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இதையெல்லாம் மேல யாரு வச்சது?"

"சார் குடுத்த படத்துல இருந்துச்சே" என்றான் தம்பி.

"அது துறைமுகத்துல எடுத்த படம்பா." சிரித்தே விட்டார் மனுஷன். "புயல்ல விமானம் மேல நிக்காது. மேகம் கறுக்கும்போதே எல்லாத்தையும் லிஃப்டுல கீழ இறக்கி, உள்ள கட்டிப்போட்டுடுவோம். மேல ஒரு ஆளு கூட நிக்கக் கூடாது. வெறும் தளம்தான். அதுமேல தண்ணி அடிச்சுக்கிட்டு ஓடும். இந்த அலைல இதெல்லாம் மேல இருந்தா, முதல் அடியிலயே வாரிக்கிட்டுப் போயிருக்கும்."

தம்பியும் அவளும் எத்தனை மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பார்கள்! இது இருவர் புத்திக்கும் எட்டவில்லை. எட்டாது. அவர்கள் அடுக்குமாடி செய்கிறவர்கள். பால்கனியைக் காலியாக விடத் தெரியாதவர்கள். தளம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

தம்பி வெடித்துவிட்டான். "சார், இது ஒவ்வொண்ணும் இவ செஞ்சது. கை போயிக்கிட்டே இருக்கும்போது கட்டையில கட்டிக்கிட்டுச் செஞ்சது. இனிமே இவளால ஒரு பொத்தான் கூடப் போட முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

கப்பல்காரர் அப்போதுதான் ஊசியைச் சரியாகப் பார்த்தார். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. நல்ல மனுஷன், அதைச் சொல்ல வேண்டும். "இருக்கட்டும்பா, இருக்கட்டும். யாரு வந்து இதையெல்லாம் பாக்கப்போறா? நல்லாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

ஊசியின் நாக்கு ஏற்கெனவே குழற ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "சார். அந்தக் கூடத்துக்கு யார் வருவாங்க? உங்க கூடக் கப்பல்ல இருந்தவங்கதானே?"

"ஆமாம்மா."

"அவங்க பாத்தவுடனே சிரிப்பாங்க இல்ல? நீங்க சிரிச்ச மாதிரி?"

அவர் சுவரில் சாய்த்திருந்த கைத்தடியைத் தேடி எடுத்தார்.

"எடுத்துடுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

தம்பி எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. ஏதேதோ சப்பைக்கட்டு கட்டினான். விமானமே இல்லாமல் விமானந்தாங்கிக் கப்பலா, பார்க்கிறவர்கள் கேட்க மாட்டார்களா என்றான். பசை காய்ந்துவிட்டது, தளம் பெயர்ந்துவிடும் என்றான். கடைசியில், "உன் கை செஞ்சதுல இதுதான் இருக்கு. இதையும் நான் பிடுங்கிப் போடணுமா?" என்று கத்தினான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்காவது கழுத்து இன்னும் சொன்னபடி கேட்டது.

அவன் வண்ணம் வாங்கப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, நீங்க எடுங்க. உங்களுக்குத்தான் பிரிக்கத் தெரியும்."

தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். எனக்குப் பிடிக்காத வேலையை எனக்குப் பிடிக்காதவர்களுக்கு நிறையச் செய்திருக்கிறேன். அன்றைக்குச் செய்தது அந்தக் கணக்கில் வராது. அவள் சொல்லச் சொல்ல, சக்கரத்துக்கடியில் கத்தியைக் கொடுத்துத் தூக்கினேன். சில சக்கரங்கள் தளத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. செம்புச் சங்கிலிகள் சுருண்டுகொண்டன. ஒவ்வொன்றையும் என் முந்தானையில் போட்டேன். என் கண் நிறைந்துவிட்டது. "பாத்து அண்ணி, தளத்துல கீறல் விழுது" என்றாள். கல்நெஞ்சுக்காரி! திட்டிக்கொண்டேதான் எடுத்தேன். விமானங்களோடு தளத்தில் நின்ற நெல்மணி மனிதர்களையும் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

"இதை நான் பத்திரமா வச்சிக்கிறேன்" என்றேன்.

"வேண்டாம். குப்பைல போட்டுடுங்க. கடிகாரக் கடைல தப்பான சக்கரத்தை வச்சிருக்க மாட்டோம். வச்சா, என்னைக்காவது எந்தக் கடிகாரத்துக்குள்ளயாவது போய் உக்காந்துக்கும்."

போட்டுவிட்டேன். நான் அவள் பேச்சை மறுவார்த்தை இல்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். தம்பி வந்து வெறும் தளத்தைப் பார்த்தான். வாங்கிவந்த வண்ண டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கப்பலில் இனி அவள் கைப்பட்டது என்று மிச்சம் இருந்தது அந்தக் கோபுரத்து ஏணி மட்டும்தான். கோபுரத்தின் மற்ற பாகங்களை, அளவு தப்பு என்று அவளே சொன்னதால், அதற்குள் அவன் பிரித்து மாற்றிச் செய்திருந்தான்.

தளம் காலியானதும் மறைந்திருந்த தப்பெல்லாம் வெளியே வந்தது. "தளம் காஞ்சு கிடக்கு பாருங்க. இந்த மழைல காயுமா?" என்றாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி அவன் பளபளப்பு பூசினான். "கொடி ஒரு பக்கம் பறக்குது, நுரை இன்னொரு பக்கம் பறக்குது. காத்து எந்தப் பக்கம்தான் அடிக்குது?" என்றாள். கொடியை மாற்றினான். ஒரு தப்பைச் சரிசெய்தால் அடுத்ததற்கு அவள் கண் போகும். அவன் அதற்காகவே காத்திருந்தான் என்று எனக்குத் தோன்றியது. காலையில் அவளுக்கு முகம் கழுவி, கரண்டியால் கூழ் ஊட்டி முடித்ததும் கேட்பான், "இன்னைக்கு என்ன தப்பு?" அவள் கட்டிலைக் கப்பலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தோம். வீட்டில் நுழைகிறவர்களுக்குக் கடல் எங்கே முடிகிறது, போர்வை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது.

அப்புறம் பேச்சு நின்றது. மருத்துவர் சொன்ன வரிசை மாறவே இல்லை. ஆமாம் என்றால் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் வைத்திருப்பாள். இல்லை என்றால் பார்வையைச் சுவர்ப்பக்கம் தள்ளுவாள். மற்றவர்களுக்கு அது புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. பசிக்குதா, கால் வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கவா, எல்லாம் அப்படித்தான்.

கூடத்துத் திறப்புவிழா நெருங்குகிறது, கப்பல் தயாரா என்று கப்பல்காரர் ஆள் அனுப்பினார். தம்பி அவளுக்கு நேராகக் குனிந்து கேட்டான்.

"முடிஞ்சுதா? அனுப்பிடலாமா?"

பார்வை சுவருக்குப் போனது. இல்லை.

"இன்னும் தப்பு இருக்கா?"

கண்ணை மூடினாள். ஆமாம்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தத் தேடல். சாமணத்தின் நுனியால் கப்பலின் ஒவ்வொரு இடத்தையும் தொட்டு, "இதுவா?" என்பான். திரும்பி அவளைப் பார்ப்பான். சுவர். அடுத்த இடம். "இதுவா?" சுவர். நங்கூரம், அதன் சங்கிலி, தளத்தின் ஓரத்து வலை, படகு, படகை மூடிய துணி, அலை, அலையின் முதுகு. பூதக்கண்ணாடி விளக்கைத் தலைக்கு மேல் இழுத்துவைத்துக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்க இதே வேலை. அவள் இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்று தெரியாது. அதற்குள் அந்தத் தப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாமல் போனால் கப்பல் தப்பாகவே நின்றுவிடும். அவனுக்கு இது ஒன்றுதான் தலையில் ஓடியது.

எனக்கென்னவோ கப்பலில் தப்பே இல்லை என்று பட்டது. ஒருநாள் அவன் கீழே போயிருந்தபோது அவள் காதருகில் போய்க் கேட்டேன். "ஏய் ஊசி, உண்மையிலயே தப்பு இருக்கா? இல்ல, கப்பல் போயிட்டா இவன் என்ன பண்ணுவான்னு நிறுத்தி வச்சிருக்கியா?" அவள் கண்ணை மூடவும் இல்லை, சுவரைப் பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. ஒரு நேரத்தில் ஒரு கேள்விதானே கேட்க வேண்டும்! நான் இரண்டாகக் கேட்டால் அவள் எதற்கு ஆமாம் சொல்வாள்? அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது, நான் சத்தியம் பண்ணுவேன். பிரித்துக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் படியில் தம்பியின் காலடி கேட்டது.

அவனிடமும் சொல்லிப் பார்த்தேன். "டேய், அந்த விளக்கை அணைச்சிட்டு அவ மூஞ்சியப் பாத்துக் கொஞ்ச நேரம் உக்காருடா. அவளுக்கு மூச்சு எப்படி வாங்குது பாரு."

"தெரியும்க்கா. அதனாலதான் அவசரப்படுறேன்" என்றான். "தப்பைக் கண்டுபிடிச்சிட்டாத்தான் அவளுக்கு நிம்மதி. உனக்குப் புரியாது."

அதற்குச் சில நாள் கழித்து, நல்ல வெயில் அடித்த ஒரு நாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் "வா, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவள் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கடியில் குனிந்திருந்தான். கப்பலின் பின்பக்கம் எல்லாம் முடிந்து கோபுரத்துக்கு வந்திருந்தான்.

"இந்தக் கண்ணாடியா?" திரும்பினான். சுவர்.

"இந்தக் கம்பமா?" திரும்பினான். சுவர். அந்தப் பார்வை போய்ச் சேர முன்னைவிட நேரம் எடுத்தது.

அவள் மூச்சு காலையிலிருந்தே விட்டு விட்டுத்தான் வந்தது. ஒன்று வரும், நிற்கும், அடுத்தது வருமா என்று நான் துணியோடு காத்திருப்பேன், வரும். அப்படியே பழகிவிட்டிருந்தது. இப்போது ஒன்று வந்தது. வெளியே போனது. நான் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கண்ணை மூடினாள். என் கையில் இருந்த பாதம் கனத்தது.

"இந்த ஏணியா?" என்று கேட்டுவிட்டு அவன் திரும்பினான்.

அவள் கண் மூடியிருப்பதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அது திறக்கவில்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ மாதமாக அந்த முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம் அது.

"ஏணியா! அக்கா, ஏணிதான்க்கா! பாத்தியா, சொல்லிட்டா!"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. வாயாடி, வாயாடி என்று ஊரே சொல்லும் எனக்கு.

"ஆமா... படியெல்லாம் கொஞ்சம் நெருக்கமா இருக்கு இல்ல? நான் எப்படி இதைப் பாக்காம விட்டேன்?" அதற்குள் விளக்கடிக்குத் திரும்பிவிட்டான். "அக்கா, அந்தக் கத்தியக் குடு."

கையை மட்டும் பின்னால் நீட்டினான். என் இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தேன். ஏணி சுலபமாக வந்துவிட்டது. ஒரு படி கூட உடையவில்லை. அதை உள்ளங்கையில் வைத்து, காற்றில் பறந்துவிடாமல் மறு கையால் மூடிக்கொண்டு, கட்டிலுக்கு வந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"இந்தா, எடுத்துட்டேன். கண்ணைத் திற, பாரு" என்றான்.